சடை பின்னும் நேரம்

காலையில் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். ஏழரைக்கு வேன் வந்துவிடும். ரிப்பன் ஒன்றைக் காணோம். ஒரு தலைக்கே இருபது நிமிடம்.

நேற்றிரவு படித்தது சட்டென நினைவுக்கு வந்தது.

1948 ஏப்ரல், ஜெருசலேம். டெய்ர் யாசின் என்ற பாலஸ்தீனக் கிராமத்தில் நடந்த படுகொலையில் உயிர் தப்பிய 55 குழந்தைகள், பழைய நகரத்தில் திருக்கல்லறைத் தேவாலயத்துக்கு அருகே தெருவில் நிற்கிறார்கள். ஹிந்த் அல் ஹுசைனி என்ற பெண் அவர்களைப் பார்த்துவிட்டுக் கையோடு அழைத்துப் போகிறார். முதலில் இரண்டே அறைகள். அப்புறம் நகரின் ஷேக் ஜர்ரா பகுதியில் இருந்த தன் தாத்தாவின் மாளிகையையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். அதுதான் ‘தார் அத்திஃப்ல் அல் அரபி’. ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம், பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது. 1994இல் இறக்கும்வரை அவருக்கு அதுவே வாழ்க்கை.

பெரிய குடும்பம், பெரிய மனசு, எல்லாம் சரி. எனக்கு ஓடியது வேறு.

அந்த முதல் நாள் காலை. இரண்டு அறை, 55 தலை. சீப்பு எத்தனை இருந்திருக்கும்? சிக்கெடுக்கும்போது ஏதாவது ஒரு குழந்தை, “எங்கம்மா இப்படி இழுக்க மாட்டாங்க” என்று சொல்லியிருக்குமோ?

“அம்மா, வலிக்குது.”

கையைத் தளர்த்தினேன். வாசலில் வேன் ஹாரன். ரிப்பன் அவள் பைக்குள்ளேயேதான் இருந்தது.