வெந்தய வாசமடிக்கும் ஒயின்

பிரெஞ்சு ஒயின் என்றாலே போர்தோ, ஷாம்பெய்ன் என்று பெரிய பெயர்களோடு நின்றுவிடுகிறோம். எனக்கு இப்போது பைத்தியம் பிடித்திருப்பது ழூரா மேல்தான். சுவிட்சர்லாந்து எல்லையோரம் இருக்கும் மலைப்பக்கம். அங்கே சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் 'வான் ஜோன்' என்றொரு மஞ்சள் ஒயின் செய்கிறார்கள். மற்ற இடங்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய, காற்று பட்டுக் கெட்டுவிடும் என்று மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஈஸ்ட் பாலாடை மாதிரி மேலே படர்ந்துவிடுகிறது, மொத்தம் 6 வருஷத்துக்கு மேல் பீப்பாயிலேயே கிடக்கிறது. பாட்டிலும் தனி, 62 சென்டிலிட்டர் குட்டைக் குண்டு. மூக்கருகே கொண்டுபோனால் வால்நட், அப்புறம் வெந்தயம்! சும்மா சொல்லவில்லை, வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டோலோன்தான் இதிலும் இருக்கிறது.

இத்தாலி என்றால் பரோலோ என்ற சிவப்பு ஒயின் செய்த பார்த்தோலோ மஸ்கரெல்லோ. சுற்றியிருந்தவர்களில் பலர் சின்னப் புது ஓக் பீப்பாய்க்கு, அதாவது பாரிக்குக்கு, மாறியபோதும் மனிதர் பழைய பெரிய பீப்பாய்களை விடவேயில்லை. அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் இழுத்து, 'பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று லேபிளிலேயே எழுதிய ஆள்! 2005இல் போய்விட்டார், மகள் அதே வழியில் நடத்துகிறார்.

பரோலோ விலை? கேட்காதீர்கள். கட்டுப்படியாகாவிட்டால் 'லாங்கே நெபியோலோ' என்று போட்டதை வாங்குங்கள், பரோலோவுக்கும் அதே நெபியோலோ திராட்சைதான். வான் ஜோனை மட்டும் ஜில்லென்று குடித்துவிடாதீர்கள், வாசமே எழாது.