மெஷினுக்கு முன்னால் கையைப் பாருங்கள்

டயாலிசிஸ் ஆரம்பிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் மெஷினைப் பற்றித்தான். வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும், செலவு என்ன. நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: கையில் ஃபிஸ்டுலா போட்டாச்சா? டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் ரத்தக்குழாயைத் தயார்செய்யும் ஆபரேஷன் அது.

வியாசர்பாடியில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் கெடுத்துவிட்டன. ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் நான் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நேரத்திலேயே டாக்டர், "எந்தக் கையால கத்தரி பிடிப்பீங்க?" என்று கேட்டார். வலது என்றேன். "அப்ப இடது கையில இனிமே யாரையும் ஊசி குத்த விடாதீங்கம்மா, பிரஷரும் பார்க்க விடாதீங்க" என்றார். என் பிழைப்பையும் சேர்த்து யோசித்த அந்தக் கேள்விக்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஃபிஸ்டுலா சின்ன ஆபரேஷன்தான். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்குழாய்களின் அகலத்தைப் பார்த்தார்கள். அப்புறம் மணிக்கட்டுக்கு மேலே மரத்துப்போக ஊசி போட்டு, தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். தமனியின் வேகமான ரத்தம் சிரைக்குள் பாயப் பாய, சில வாரங்களில் சிரை பருத்துத் தடிக்கும். அதற்குப் பிறகுதான் டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும். புண் ஆறியதும் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விடச் சொன்னார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடும். தையல் மெஷின் ஓடும்போது பலகையில் கை வைத்தால் தெரியுமே, அதே மாதிரி. தினமும் காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் அடைப்பு என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அந்தக் கையில் இறுக்கமான வளையல் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, தலைக்கு அடியில் வைத்துத் தூங்கவும் கூடாது.

முன்கூட்டியே தயார் செய்யாமல் அவசரமாக வருகிறவர்களுக்குக் கழுத்தில் குழாய் போடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றும் குழாய்தான், ஆனால் கிருமி சுலபமாக உள்ளே போகும். பக்கத்துப் படுக்கைப் பெரியவர் அப்படித்தான் குளிர்ஜுரம் வந்து மறுபடி அட்மிட் ஆனார். பார்த்துக்கொண்டே இருக்க மனசு கேட்கவில்லை.

எனக்கு ஊசி போடும் டெக்னீஷியன் தம்பி நிறையப் படித்தவர். இந்தச் செயற்கைக் கிட்னியை 1943-ல் நெதர்லாந்தில் கொல்ஃப் என்ற டாக்டர், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், சாசேஜ் உறைக்கான செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றிச் செய்தாராம். முதல் நோயாளி பிழைத்தது 1945-ல். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்ட வேண்டியிருந்ததால், நிரந்தரமாகக் கிட்னி செயலிழந்தவர்களுக்கு அது உதவவில்லை. 1960-ல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், நோயாளியின் கையிலேயே விட்டுவைக்கும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். 1966-ல் நியூயார்க்கில் ப்ரெஷியா, சிமினோ குழுவினர் இந்த ஃபிஸ்டுலாவை அறிவித்தார்கள். மெஷின் வந்தும் எங்களைப் போன்றவர்கள் வருஷக்கணக்கில் வாழ, கைக்கு முதல் வழி பிறந்த 1960 வரை 17 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

முதல் நாள் இரண்டு மணி நேரம்தான் போட்டார்கள். யூரியா சட்டென்று இறங்கினால் மூளையில் நீர் கோத்து தலைவலி, வாந்தி வரும் என்பதால் நேரத்தைப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். இப்போது வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம். ஒளி ஊடுருவும் அந்த ஃபில்டருக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைக்குழாய்கள். உள்ளே ரத்தம், வெளியே எதிர்த்திசையில் மருந்துநீர். நிமிஷத்துக்கு 500 மில்லி மருந்துநீர் என்றால் ஒரு தடவைக்கு 120 லிட்டர் ஆகிறது. அத்தனையும் ஆர்.ஓ. செய்த தண்ணீர்.

இதில் கஷ்டம் ஊசி இல்லை, தாகம். சிறுநீர் குறைந்துவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கி, எடை ஏறி, மூச்சு முட்டும். எனக்கு ஒரு நாளைக்கு அளவு ஒரு லிட்டர், ரசம், மோர், காபி எல்லாம் அதற்குள். சென்னை மே மாதத்தில் அது பெரிய பரீட்சை. காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன், உப்பைக் குறைத்தேன். உப்பு குறைந்தால் தாகமும் குறைவதை நானே பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாம் இளநீரும் வாழைத்தண்டு ஜூஸும் குடி என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கிட்னி வேலை செய்யாதவருக்கு அதில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

பணம் விஷயம் சுருக்கமாக: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். உடம்பு படுக்கையில் விழுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

மெஷின் கழிவை எடுக்கும், தண்ணீரை எடுக்கும், அவ்வளவுதான். ரத்தம் ஊறத் தேவையான ஹார்மோனைக் கிட்னிதான் சுரக்கிறது. அதற்குத் தனியாக ஊசி போட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஷுவோ ராய் குழுவினர் சிலிக்கான் வடிகட்டியோடு உயிருள்ள கிட்னி செல்களையும் சேர்த்து, உடம்புக்குள் வைக்கிற கருவியை உருவாக்க உழைக்கிறார்கள் என்று படித்தபோது மனசார வாழ்த்தினேன். அது எங்கள் கைக்கு வரும்வரை மாற்றுக் கிட்னிதான் வழி. ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் மூலமாக மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலுக்குப் பெயர் கொடுக்கிறேன். ரத்தப் பரிசோதனைகள் முடிந்தன. இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் பல் பரிசோதனையும் பாக்கி. அடுத்த வாரம் டயாலிசிஸ் இல்லாத நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.