தடைக்காலம் முடிந்த பிறகு ஒரு பெற்றோர் கூட்டம்

எங்கள் பள்ளியின் கால்பந்துப் பருவம் பள்ளி திறந்த உடனே தொடங்குவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாட்களும் எங்கள் மாணவர்கள் பலருடைய வீடுகளில் கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெற்றோரை வரவழைத்து, பூட்ஸ் வாங்குங்கள், ஷின் பேட் (முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் கவசம்) வாங்குங்கள் என்று பேசினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மறுநாளிலிருந்து பையன் பயிற்சிக்கு வரமாட்டான், காரணத்தையும் சொல்லமாட்டான். ஆகவே படகுகள் கடலுக்குப் போய், முதல் சில நடைகளின் மீன் ஏலம் போன பிறகு, ஜூன் கடைசி ஞாயிறு மாலையில் கூட்டத்தை வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றேன். காலையில் வைத்தால் பாதிப் பேர் தேவாலயத்திலும் மீதிப் பேர் மீன் விற்பனையிலும் இருப்பார்கள்.

நான் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். பள்ளி அணியைப் புதிதாக ஏற்கும் ஆசிரியர்கள் பயிற்சி அட்டவணையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அட்டவணை எளிது. பெற்றோரோடு செய்துகொள்ளும் பேச்சுதான் பருவம் முழுவதும் தாங்க வேண்டியது. அதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

சுற்றறிக்கை அச்சடித்துக் கொடுத்தால் அது பையன்களின் பையிலேயே கசங்கிப் போகும் என்பதால், வாட்ஸ்அப்பில் என் குரலிலேயே பேசி அனுப்பினேன். பத்தாம் வகுப்பு மாணவர்களைத் தெருவாரியாகப் பிரித்து வீடுகளுக்கும் அனுப்பிவைத்தேன். அழைப்பின் முதல் வரியே "கட்டணம் எதுவும் இல்லை" என்பதுதான். வந்தவர்களில் அம்மாக்களே அதிகம். சில அப்பாக்கள், இரண்டு பாட்டிகள், துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர், எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்த ஒரு பெண்மணி.

வரவேற்பு உரை என்று நீட்டாமல், இந்தப் பருவத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதிலிருந்து தொடங்கினேன். பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம் வழியாக மாநிலம் வரை போகின்றன. தோற்றால் வெளியேற வேண்டியதுதான். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த பிள்ளைக்கு ஒரே ஓர் ஆட்டத்தோடு பருவம் முடிந்துவிடவும் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையிடம் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். 1960 முதல் நடக்கும், நாடு முழுவதுமுள்ள பள்ளி அணிகளுக்கான சுப்ரதோ கோப்பையைப் பற்றியும், அதன் இறுதிக் கட்டத்துக்கு டெல்லி வரை போகலாம் என்பதைப் பற்றியும் சொன்னேன். ஆனால் அங்கே போவோம் என்று சொல்லவில்லை.

எதிர்பார்த்த கேள்வி உடனே வந்தது. "இத்தாலே கவர்மெண்டு வேலை கெடைக்குமா மாஸ்டர்?" தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் அதற்குக் கேட்கப்படும் சாதனை தேசிய, சர்வதேச மட்டத்தைச் சேர்ந்தது. குறுவட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் ஆகாது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2017-18ஆம் ஆண்டு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத்தில் ஆடினார் என்பதை இங்கே சிறு பிள்ளையும் சொல்லும். அவரோடு அதே தெருக்களில் பந்து உதைத்தவர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், ஹார்பரில் வேலை செய்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஆடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை என்பது என் எண்ணம். கேள்வி கேட்டவருக்கு என் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் மகன் பயிற்சிக்கு வருகிறான்.

அடுத்தது ஆவணங்கள். புதிய ஆசிரியர்கள் இதைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவு ஆகிய நான்கிலும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் நான்கும் ஒத்துப்போகும் குழந்தையைக் கண்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆதாரில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாக ஒரு தேதி; ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் வேறு; அப்பாவின் பெயர் ஒன்றில் அந்தோணி, இன்னொன்றில் அந்தோணிசாமி. ஒரு பையனின் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடமே வெறுமையாக இருந்தது. மருத்துவமனையில் பிறந்த உடனே பதிவாகி, பெயர் சேர்க்கப்படாமலே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. மாநகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றபோது அவனுடைய அம்மா, "அப்போ இத்தினி நாளா இவனுக்குப் பேரே இல்லியா சார்?" என்று சிரித்தார். சென்னையில் பிறந்தவர்களின் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பதிவிறக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. கூட்டத்திலேயே கணினி ஆசிரியரை உட்காரவைத்து, தேதி சொன்னவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தோம். வயதைக் குறைத்துக் காட்டி ஆடவைக்கும் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சொன்னேன். ஒரு பெற்றோர் அதை மறைமுகமாகக் கேட்கத்தான் செய்தார். பின்னால் பிடிபட்டால் அந்த ஒரு பையனால் அணி முழுவதும் வெளியேற வேண்டியிருக்கும் என்று சொன்னதும், மற்ற பெற்றோரே அவரைப் பேசவிடவில்லை.

உடுப்பு விஷயத்தில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் நகை. கால்பந்து விதிகளில் நான்காவது விதிப்படி கைவைத்த சட்டை, கால்சட்டை, காலுறை, ஷின் பேட், காலணி ஆகியவை கட்டாயம். நகை எதுவும் கூடாது, அதன்மேல் டேப் சுற்றி மறைப்பதும் கூடாது. எங்கள் பிள்ளைகளின் உடம்பிலோ சிலுவை டாலர், தாயத்து, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, பெண் பிள்ளைகளுக்குக் கம்மலும் மூக்குத்தியும். கயிற்றை அவிழ்ப்பது கண்ணேறு பற்றிய அச்சத்தோடு சேர்ந்தது என்பதால் அங்கே நான் வாதம் செய்யவில்லை. ஆட்டம் முடியும் வரை அதை வைத்திருக்கும் பொறுப்பு அம்மாவினுடையது என்று மட்டும் சொன்னேன். கம்மலைக் கழற்றினால் காது தூர்ந்துபோகும் என்ற கவலைக்கு அங்கிருந்த பாட்டி ஒருவரே வழி சொன்னார்: ஆட்டம் முடிந்ததும் கம்மலைப் போட நேரமில்லை என்றால் வீட்டுக்குப் போகும் வரை ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வைத்தால் போதும்.

பூட்ஸ் வாங்கப் பெரியமேட்டுக் கடைகளுக்குப் போகச் சொன்னேன். ஆனால் பளபளக்கும் நிறத்துக்காக நீளமான ஸ்டட் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்) உள்ளதை வாங்க வேண்டாம் என்று ஒன்றைக் கையிலெடுத்து அதன் அடியைத் திருப்பிக் காட்டினேன். அந்த ஸ்டட்கள் புல்லில் புதைவதற்காகச் செய்யப்பட்டவை. எங்கள் மைதானத்தின் இறுகிய மண்ணில் அவை இறங்காது. பையன் திரும்பும்போது கணுக்கால் புரளும். குட்டையான ரப்பர் ஸ்டட் நிறைய உள்ள டர்ஃப் ஷூவே இங்கே போதும், விலையும் குறைவு. வாங்க முடியாதவர்களுக்காகப் பழைய மாணவர்கள் விட்டுச்சென்ற பூட்ஸ்களை ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் நாக்கின் உட்புறமும் மார்க்கரால் அளவு எழுதியிருக்கும். அந்தச் சாக்கை எல்லோர் முன்னிலையிலும் திறக்காமல், பயிற்சி தொடங்கிய பிறகு அறையில் வைத்துக் கொடுப்பதே நல்லது. பிள்ளைகளுக்கும் மானம் உண்டு.

காலைப் பயிற்சி ஆறு மணிக்கு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். என் பிள்ளைகளோ ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும். அம்மா நான்கு மணிக்கே ஏலத்துக்குப் போய்விடும் வீட்டில் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து, ஏழரை மணிக்கே, முதல் பாடவேளைக்கு முன்பே, சுருண்டு போகிறது. இதைச் சொன்னதும் பெற்றோர் தங்களுக்குள் பேசி, வாரத்துக்கு இரண்டு வீடுகள் வீதம் சுண்டலும் வாழைப்பழமும் கொண்டுவர முறை வைத்துக்கொண்டார்கள். யோசனை முழுக்க அவர்களுடையது.

பெண்கள் அணியைப் பற்றிய பேச்சு நான் பயந்த அளவுக்கு நீளவில்லை. கால்சட்டைக்குக் கீழே அதே நிற லெக்கிங்ஸ் அணியலாம் என்றதும் பாதிக் கவலை தீர்ந்தது. பயிற்சியின்போது ஆசிரியை ஒருவர் உடனிருப்பார் என்றதும் மீதியும் தீர்ந்தது. வெயிலில் கறுத்துப் போவாள் என்ற அப்பாவுக்கு அவர் மனைவியே பதில் சொல்லிவிட்டார்; அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது.

ஒரு அம்மா, தலையால் பந்தை முட்டினால் மூளைக்குக் கெடுதலா என்று கேட்டார். நல்ல கேள்வி. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020இல் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டு வேண்டாம் என்று வழிகாட்டியதைச் சொன்னேன். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானும் அதைப் பயிற்றுவிப்பதில்லை. பெரியவர்களுக்குக்கூட முதலில் காற்று குறைந்த பந்தில்தான் தொடங்குகிறேன். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது, மருத்துவர் சொல்லும் வரை களத்துக்கு வரக்கூடாது என்பதற்கும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதைப் பற்றிப் பேச்சால் சொல்வதைவிடச் செய்து காட்டலாம் என்று தோன்றியது. லாரி ஓட்டுநரை மைதானத்துக்குள் அழைத்து, இரண்டு கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு போகச் சொன்னேன். இடப்பக்கம் நின்ற அவர் மனைவி "இந்தாண்ட, இந்தாண்ட" என்றும், வலப்பக்கம் நின்ற இன்னொருவர் "அடி, அடி" என்றும் குரல் கொடுக்க வேண்டும்; எதிரே நின்று நான் "பாஸ்" என்பேன். அவர் நான்கு அடி போனார், பந்தைக் காலால் மிதித்து நிறுத்தினார், மூன்று பக்கமும் பார்த்தார். "யார் சொல்றத்த கேக்கறது சார்?" என்றார். ஆட்டத்தின்போது பெயரைச் சொல்லிக் கைதட்டலாம், எப்படி ஆடுவது என்று சொல்லக்கூடாது, நடுவரிடம் யாரும் பேசக்கூடாது என்று அங்கேயே முடிவானது. ஒரு பாட்டி மட்டும் இன்றுவரை கேட்பதாயில்லை; அவரை எதிரணி கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காரவைக்கிறோம்.

இட ஒதுக்கீட்டைவிட ஆட்ட நேரத்தைப் பற்றித்தான் சண்டை வரும் என்பதால் அதையும் மறைக்காமல் சொன்னேன். பயிற்சி ஆட்டங்களில் வருகிற எல்லோருக்கும் களத்தில் இடம் உண்டு. துறைப் போட்டிக்கு யார் ஆடுவது என்பது என் முடிவு, அதற்காக வீட்டுக்கோ போனிலோ யாரும் பரிந்துரைக்கு வர வேண்டாம். எல்லா அப்பாக்களும் தம் மகன் முன்கள ஆட்டக்காரன் என்றே நம்புகிறார்கள். கோல்கீப்பராக மகனை அனுப்ப முன்வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் சொந்த இளமையில் கீப்பராக ஆடியவர்.

மாநகராட்சி மைதானத்தில் காசு கேட்பார்களா என்ற அச்சமும் எழுந்தது. 2024 அக்டோபரில் சென்னையின் செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் கொடுத்துக் கட்டணம் வசூலிக்கும் தீர்மானம் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது அவர்களுக்கு நினைவிருக்கிறது. பள்ளியின் கடிதத்தோடு காலை நேரத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறோம். நடைப்பயிற்சிக்கு வருபவர்களோடும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்காரர்களோடும் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

ஆவணங்கள் ஜூலை நடுவில்தான் முழுமையாக வந்து சேர்ந்தன. பெயரில்லாத பையனின் சான்றிதழ் கடைசியாக வந்தது. பட்டியலில் அவன் இருக்கிறான். அடுத்த பெற்றோர் கூட்டம் காலாண்டுத் தேர்வு முடிந்ததும். வடகிழக்குப் பருவமழையில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நின்றால் எங்கே பயிற்சி வைப்பது என்பதை அங்கே பேச வேண்டும். லாரி ஓட்டுநர் தம் யார்டில் கூரை போட்ட இடம் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். தரை எப்படி என்று போய்ப் பார்க்க வேண்டும்.