கெல்சோ நடுவில், எடின்பரோ ஓரத்தில்

கிளாஸ்கோவில் நான் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் வீட்டில். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், "சும்மாதானே இருக்கிறீங்கள், வாங்கோ, தாம் விளையாடுற இடத்துக்குப் போவம்" என்றார். தாம் என்றால் என்னவென்று கேட்டேன். செக்கர்ஸ்தான். செஸ் வராத பிள்ளைகள் ஆடுவது என்று சென்னையில் நாம் ஒதுக்கி வைத்திருக்கும் அதே ஆட்டம். பிரிட்டனில் ட்ராஃப்ட்ஸ். ஸ்காட்லாந்தின் பழைய பேச்சில் பலகைக்கு டாம்பிராட் என்று பெயராம். இலங்கைத் தாமும் இந்த டாமும் எந்தக் கப்பலில் பிரிந்தனவோ.

ஒரு ஹாலின் பின்னறை. ஆறு மேசை, ஒரு கெட்டில், ஒரு தட்டு பிஸ்கட். அறுபது வயதுக்குக் கீழே நாங்கள் இருவர் மட்டும்தான். எனக்கு எதிரே உட்கார்ந்த பெரியவர் காயைத் தூக்கவே இல்லை. ஆள்காட்டி விரலால் தள்ளினார். பத்து நகர்த்தல் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் ஒரு காயைக் கொண்டுவந்து என் வாயருகே வைத்தார். இந்த ஆட்டத்தில் வெட்ட வழியிருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. வெட்டினேன். இன்னொன்று வைத்தார். அதையும் வெட்டினேன். உடனே அவருடைய காய் டக், டக், டக் என்று என்னுடைய மூன்று காய்களைத் தாண்டி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. ராஜாவாக்க அதன் தலையில் இன்னொரு காயை வைக்க வேண்டியது எதிராளி. அதாவது நானே. அந்தக் காலத்தில் வெட்ட மறந்தவனுடைய காயை எதிராளி எடுத்து, வாயால் ஊதிவிட்டு, வெளியே வைத்துவிடுவாராம். "நல்லவேளை, அதை எடுத்துவிட்டார்கள்" என்று சிரித்தார்.

எனக்குப் பிடித்துப்போனது ஆட்டத்தைவிட அவர் உச்சரித்த பெயர்கள். பலகையில் ஆடும் 32 கட்டங்களுக்கும் எண் உண்டு. முதல் ஆளுக்கு ஏழே ஏழு தொடக்க நகர்த்தல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். 9-ஆம் கட்டத்திலிருந்து 13-க்குப் போனால், அதாவது 9-13, எடின்பரோ. அப்படியே 10-14 டென்னி, 10-15 கெல்சோ, 12-16 டண்டீ. இவை நாலும் ஸ்காட்லாந்து ஊர்கள். 11-16 மட்டும் இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை. தலைநகரான எடின்பரோவின் காய் பலகையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. எல்லைப்புறச் சிற்றூரான கெல்சோவின் காய் நேராக நடுவுக்கு வருகிறது. இதைச் சொன்னதும் ஒரு கிளாஸ்கோக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஏன் என்று நண்பர் பிறகு விளக்கினார்: கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் ஆகாது.

சரி, மிச்சமிருந்த ஒரு வாரத்தில் கோட்டைகளை விட்டுவிட்டு இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

முதலில் பெய்ஸ்லி, ரயிலில் பத்து நிமிடம். நம் காஞ்சிப் பட்டின் மாங்காய் டிசைனுக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்த ஊர். ட்ராஃப்ட்ஸில் இந்த ஊருக்கு வேறொரு பெருமை. முதல் நகர்த்தலுக்கு மட்டுமல்ல, முதல் சில நகர்த்தல்கள் சேர்ந்த தொடக்கங்களுக்கும் பெயர் உண்டு. அதில் ஒன்று 'சூட்டர்'. ஸ்காட்ஸ் மொழியில் சூட்டர் என்றால் செருப்புத் தைப்பவர். இந்த ஊரில் இருந்த ஒரு கிழவர் விரும்பி ஆடியதாம். அவர் பெயர் தங்கவில்லை, தொழில் தங்கியது. லானார்க்‌ஷயரில் ஒரு மில்காரரின் மகள் நன்றாக ஆடுவாள் என்று அவளுக்கும் ஒரு தொடக்கம், 'மெயிட் ஆஃப் த மில்'. செஸ்ஸில் தொடக்கங்களுக்குப் பிரபுவும் பாதிரியாரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். செருப்புத் தைப்பவர் எவரையும் நான் அங்கே பார்த்ததில்லை.

கார்லூக் போனது ஆண்ட்ரூ ஆண்டர்சனுக்காக. இவர்தான் இந்த ஆட்டத்தின் முதல் உலக சாம்பியன், நெசவுத் தொழிலாளி. அவருடைய புத்தகத்தின் 1852 பதிப்புதான் விதிகளையும் தொடக்கப் பெயர்களையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. டீக்கடைப் பெண்ணிடம் விசாரித்தேன். "எந்தத் தெருவில் இருக்கிறார்?" என்று கேட்டாள். அப்புறம், நிலப்படம் வரைந்த வில்லியம் ராய் பிறந்த இடத்துக்கு அன்போடு வழி சொன்னாள்.

ஆண்டர்சனுக்குச் சரியான போட்டி ஜேம்ஸ் வில்லி. மாடு ஓட்டிக்கொண்டு எடின்பரோவுக்கு வந்த பையன் என்பதால் 'ஹெர்ட் லாடி', இடைச்சிறுவன். பின்னாளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று சுற்றி, ட்ராஃப்ட்ஸ் ஆடியே பிழைத்தவர். 1863-ல் ராபர்ட் மார்ட்டின்ஸுடன் இவர் ஆடிய 40 ஆட்டங்களும் டிரா. இரண்டு பேரும் பாதுகாப்பான ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறார்கள். பார்க்கக் காசு கொடுத்தவர்கள் பாடு! இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் டிராதான் என்று 2007-ல் கனடாவில் கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்தார்கள். கிளாஸ்கோக்காரர்களைக் கேட்டிருந்தால் மின்சாரமாவது மிஞ்சியிருக்கும்.

அந்தச் சலிப்புக்கு மருந்துதான் இன்றைய முறை. முதல் மூன்று நகர்த்தல்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். வந்த தொடக்கம் எவ்வளவு மோசமானாலும் ஆட வேண்டும். அப்புறம் பக்கம் மாற்றி அதையே இன்னொரு முறை. உனக்கு வந்த கஷ்டம் எனக்கும் வரும்.

டண்டீக்கும் டென்னிக்கும் நேரமில்லை. கெல்சோவுக்கு மட்டும் எடின்பரோவிலிருந்து பஸ்ஸில் போனேன். ரயில் கிடையாது. கல் பாவிய பெரிய சதுக்கம், இடிந்த மடாலயம், ட்வீட் ஆறும் டீவியட் ஆறும் கூடும் இடம். மழை விடவே இல்லை. சதுக்கத்தின் நடுவில் ஐந்து நிமிடம் நின்றேன். கட்டம் 15.

கடைசி வியாழன் மறுபடி அந்தப் பின்னறை. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. மூன்றாவதில் மட்டும் ஒரு ராஜா வாங்கினேன்; அவரே காயை எடுத்துத் தலையில் வைத்தார். அடுத்த வாரம் வருவாயா என்றார். சனிக்கிழமை விமானம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, என் பஸ் டிக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் 10-15 என்று எழுதி, கீழே தன் முகவரியையும் எழுதினார். "பதிலைத் தபாலில் போடு. அவசரமில்லை."

சென்னை வந்து மூன்று வாரமாகிறது. 22-18 போடலாமா, 21-17 போடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.