தண்ணீர் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால்

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவரிடம் தண்ணீரை நீட்டினால், "தாகமில்ல, வெச்சிட்டுப் போ" என்பார். வயதானால் தாக உணர்வு குறையும், உண்மைதான். ஆனால் பல வீடுகளில் காரணம் வேறு. குடித்தால் சிறுநீர் வரும், வந்தால் யாரையாவது எழுப்ப வேண்டும். அந்தக் கூச்சத்தில் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். இதய நோய்க்கு யூரின் மாத்திரை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) சாப்பிடுபவர்கள் வெளியூர் போகும் நாளில் சொல்லாமல் அதை விட்டுவிடுவதும் இதே பயத்தால்தான். பிறகு கால் வீங்கி மூச்சு வாங்கும்.

தண்ணீர் குறைந்தால் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கி விழுவார்கள். சிறுநீரில் கிருமி சேரும். வயதானவர்களுக்கு இது எப்போதும் காய்ச்சல், எரிச்சலோடு வராது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால், பகலெல்லாம் தூங்கினால், "வயசாயிடுச்சு" என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் வரும் மலச்சிக்கல் இதைவிட ஏமாற்றும். இறுகிய மலம் அடைத்துக்கொண்டு நிற்க, அதைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். பேதி என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். பல நாள் சரியாகப் போகாதவருக்குத் திடீரென்று கசிந்தால் முதலில் அடைப்பைச் சந்தேகப்படுங்கள்.

"தண்ணி குடிங்க" என்று அதட்டுவதில் பயனில்லை. "ராத்திரி பாத்ரூம் போகணும்னா என்ன பண்றீங்க?" என்று கேளுங்கள். வண்டி வண்டியாக விஷயம் வரும்.

கட்டிலை ஒட்டி ஒரு கமோட் சேர் (நடுவில் துளையும் அடியில் பாத்திரமும் உள்ள நாற்காலி) போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும். சேரைப் பக்கவாதம் பாதிக்காத பக்கம், நல்ல கை எட்டும் இடத்தில் போடுங்கள். சக்கரம் இருந்தால் பிரேக் போட்ட பிறகே எழுப்புங்கள். செயலிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடிப்பதுதான் இருவருக்கும் பாதுகாப்பு. பாத்ரூமில் துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. பிடிகம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்த வேண்டும்.

பகலில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கேட்கும் முன்பே கூட்டிப்போங்கள். தண்ணீரைச் சின்ன டம்ளரில் அடிக்கடி, பெரும்பகுதியை மாலை 6 மணிக்குள் கொடுங்கள். இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கால் வீக்கம் உள்ளவர்கள் மதியம் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்தால் ராத்திரி எழுவது குறையும். யூரின் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்தாலே இருமுகிறார், குரல் கரகரக்கிறது என்றால் அது நுரையீரலுக்குப் போகலாம் என்று அர்த்தம். விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும்வரை கட்டாயப்படுத்தி ஊற்றாதீர்கள்.

டயப்பர் போட்டவருக்கு ஈரம்தான் எதிரி. ஊறிய தோலும் அழுத்தமும் சேர்ந்தால் படுக்கைப்புண் வேகமாக வரும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நேராகப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் முழு பாரமும் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வாக வையுங்கள். ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்தக் கூடாது, கரண்ட் போனால் அதுவும் வெறும் பிளாஸ்டிக்தான். நம் தோல் நிறத்தில் ஆரம்பச் சிவப்பு சரியாகத் தெரியாது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கருத்தோ இருந்தால் அதுதான் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பாரம் படாமல் வைத்தால் போதும்.

பணக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். டயப்பர் ஒன்று 30 ரூபாய் என்றே வைத்தாலும் நாளைக்கு 4, மாதம் 3,600 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். 70 வயது நிரம்பியவர்களுக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2024-ல் வந்த 5 லட்ச ரூபாய்க் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உதவும். வீட்டில் புண் வராமல் காப்பதற்குப் பணமில்லை, புண் அழுகி அட்மிட் ஆனால் பணம் உண்டு. இந்த ஏற்பாடு மாறியே ஆக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். வீட்டிலேயே பிசியோதெரபியும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்பு நர்ஸ் கவனிப்பும் அதில் உண்டு என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். "படுத்த படுக்கை" என்பதோடு நிறுத்தாமல், தானாகப் புரள முடிகிறதா, சிறுநீர் எப்படிப் போகிறார், டியூப் இருந்தால் எப்போது மாற்றியது, புண் எங்கே எவ்வளவு அகலம், ராத்திரி கூட இருப்பது யார், அவருக்கு என்ன வயது என்று எழுதிக் கொடுங்கள். அப்போதுதான் நர்ஸ் முதல் தடவையே தேவையான சாமான்களோடு வர முடியும்.