மூன்றாம் மாடியில் ஒரு மத்தளம்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

இன்றும் மத்தளத்தைத் தொடவிடவில்லை. நாலாவது ஞாயிறு இது. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் மகள் வீட்டு விறாந்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாளக்கட்டை வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் தொடையில் தட்டுகிறார், நான் சொல்கிறேன். ஒரு சொல் நழுவினால் முதலிலிருந்து. கீழ்வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருப்பதால்தான் மத்தளம் வெளியே வரவில்லை என்று நினைத்திருந்தேன். இன்று கேட்டேவிட்டேன்.

"பிள்ளை அழுகிறதுக்காக இல்ல மகள். வாய்க்கு வராதது கைக்கு வராது."

அவருக்கு எழுபத்தாறு வயது. மட்டக்களப்பின் படுவான்கரைக்காரர். முழங்கால் வைத்தியத்துக்கென்று கொழும்புக்கு வந்தவர், இப்போது மகளோடு இங்கேயே இருக்கிறார். மூத்த மகன் கனடாவில், இளையவன் கட்டாரில். இரண்டு பேரும் சின்ன வயதில் கூத்து ஆடியவர்கள்தான், மத்தளம் மட்டும் பழகவில்லை. என் அம்மாவும் அதே பக்கத்து ஊர்க்காரி என்ற ஒரே உறவில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். பெண்பிள்ளைக்கு மத்தளம் எதற்கு என்று அவர் கேட்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கேட்டது வேறு: "ஞாயிறு தவறாம வருவியா?"

2024 பெப்ரவரி 25, ஞாயிறு

மத்தளம் வெளியே வந்தது! ஆனால் வீட்டில் இல்லை, கடற்கரையில்.

விடிய ஆறு மணிக்கே தண்டவாளத்தைத் தாண்டிக் கற்கள் போட்டிருக்கும் பக்கமாகப் போய்விட்டோம். கடல் ஈரத்தில் தோல் தளர்ந்து சத்தம் மொத்தமாக வந்தது. வெயில் ஏறும்வரை அதைச் சூரியனுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டே வாரை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினார். வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, விரலால் சுண்டுவது, காதைக் கொண்டுபோவது, மறுபடி இழுப்பது. அரை மணித்தியாலம் அதுதான் பாடம். இதை யாரும் எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு இறுக்கினால் போதும் என்று கேட்டால், "அது சொல்லும்" என்கிறார்.

பிறகு மத்தளத்தை என் இடுப்பில் கட்டிவிட்டார். கூத்தில் மத்தளக்காரர் உட்கார்ந்து வாசிப்பதில்லை. வட்டக்களரி என்ற வட்ட ஆடுகளத்தின் நடுவே நின்று, ஆடுகிறவனின் காலைப் பார்த்து வாசிக்க வேண்டும். அவன் பாய்ச்சல் எடுத்தால் மத்தளமும் எடுக்க வேண்டும், அவன் களைத்தால் மத்தளம்தான் தாங்கிப்பிடிக்க வேண்டும். "நீ அடிக்கிறதுக்கு அவன் ஆடுறதில்ல. அவன்ட காலைத்தான் நீ அடிக்கிறாய்." இந்த வசனத்தை ஒரு கிழமையாக வாய்க்குள்ளேயே வைத்திருப்பேன்.

நடுவில் பாணந்துறைப் பக்கம் போகும் கோச்சி வந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை, கையால் காற்றில் தாளம் போட்டபடியே நின்றார். கடைசிப் பெட்டி கடந்தபோது நான் ஒரு சுற்றுப் பின்னால் நின்றேன்.

2024 மார்ச் 17, ஞாயிறு

இன்று கூத்துக் கொப்பி பார்த்தேன். 'பதின்மூன்றாம் போர்', பாரதத்து அபிமன்யுவின், கூத்தில் அபிமன்னனின், கதை. கோடு போட்ட பழைய அப்பியாசக் கொப்பியில் நீல மையில் அவரே எழுதியது. ஓரமெல்லாம் கறையான் தின்றுவிட்டது. அதை நான் புதிதாகப் பார்த்தெழுத வேண்டும், அதுதான் இந்த மாத வேலை.

ஆறாம் பக்கத்தில் ஒரு தருவின், அதாவது கூத்துப் பாட்டின், நடுவே இரண்டு அடி அப்படியே இல்லை. கேட்டேன். யோசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். வரவில்லை. தேத்தண்ணி குடித்தார். அப்போதும் வரவில்லை. எனக்குள் ஏதோ உடைந்தது. அவ்வளவுதானா, போய்விட்டதா?

"சல்லரியை எடு" என்றார். நான் அந்தக் கைத்தாளத்தைத் தட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்த முழங்காலோடு, நாலு அடி வைத்துத் திரும்பினார். திரும்பிய இடத்தில் இரண்டு அடியும் வாயிலிருந்து கொட்டின. நான் எழுத ஓடுவதற்குள் அடுத்த தருவுக்குப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பதிகிறேன்தான், நிறுத்தப்போவதில்லை. ஆனால் உட்காரவைத்து ஒலிவாங்கி நீட்டியிருந்தால் அந்த இரண்டு அடியும் கிடைத்திருக்காது. அது அவருடைய காலில் இருந்தது.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தின் புத்தாண்டு விழாவுக்கு "மட்டக்களப்புக் கூத்து" வேண்டுமாம். ஏற்பாட்டாளர் அண்ணாவியாரிடமே நேரில் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். பன்னிரண்டு நிமிடம். உடுப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். பாட்டுக் குறைவாக, ஆட்டம் கூடுதலாக. மத்தளம் பதிவில் போட்டால் ஒலியமைப்புக்கு வசதி.

இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும் கூத்து அது. அண்ணாவியார் கேட்டார்: "யாரைத் தம்பி வரவிடுறது? கட்டியகாரன் வந்து சொல்லி, ராசா வந்து கொலுவிருக்கவே பன்னிரண்டு நிமிசம் போயிருமே." ஏற்பாட்டாளர் சிரித்தார், அவருக்கு விளங்கவில்லை.

சுருக்குவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவர்களை ஆடவைத்துக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தபோதும் சுருக்கித்தான் கொண்டுவந்தார். அதனால் எத்தனை பேர் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்! ஆனால் அங்கே மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் மாணவர்கள் மாதக்கணக்கில் பழகினார்கள். மேடையில் சுருங்கியது, பழகியது சுருங்கவில்லை. இந்த ஏற்பாட்டாளர் கேட்டது பழக்கமே இல்லாத கூத்து.

அண்ணாவியார் மறுத்துவிட்டார். அந்தக் காசு இருந்தால் ஊரில் இரண்டு சோடி உடுப்புக்குக் கரப்பு என்ற வளையக் கூடு கட்டியிருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொன்று. 1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் சரச்சந்திரவின் 'மனமே' என்ற சிங்கள நாடகம் ஏறியபோது, அதற்கு நாடகம என்ற சிங்கள நாட்டார் அரங்கின் பாணியைப் பழக்கியவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்ற கிராமத்து ஆசான். அந்த நாடகமவின் வேர் மேற்குக் கரைத் தமிழ்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்தில் இருக்கிறது, அதற்கும் மத்தளம்தான். அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்காவின் கைப்பேசியில் 'மனமே' பாட்டு ஓடியபோது, என் விரல் மேசையில் தானாகத் தட்டியது. அவர் திரும்பிப் பார்த்தார். அண்ணாவியாரிடம் சொன்னேன். "குருநான்சே எண்டாலும் அண்ணாவி எண்டாலும் வேலை ஒண்டுதானே" என்றார்.

2024 மே 25, சனி

ஊரிலிருந்து திரும்பினேன். உடம்பெல்லாம் புழுதி, தொண்டை அடைத்துவிட்டது, தூக்கமில்லை. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

வெசாக் விடுமுறையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாவியாரையும் கூட்டிக்கொண்டு இரவுக் கோச்சியில் போனோம். அவரிடம் பழகிய ஒருவர் இப்போது அவருடைய ஊரில் அண்ணாவியார். அந்த ஊர்ப் பிள்ளைகளின் அரங்கேற்றம். வைகாசிப் பறுவம், நிலவு வெள்ளி மாதிரி. மண் அணைத்து உயர்த்திய வட்டக்களரி, சுற்றிக் கம்பங்கள், மேலே வெள்ளை கட்டியிருந்தார்கள். பாயும் தலையணையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தது சனம். பிள்ளைகள் அங்கேயே தூங்கி, தங்கள் அண்ணன் வரும்போது எழுப்பச் சொல்லிவைத்திருந்தார்கள். தங்கள் வீட்டுப் பொடியன் களரிக்கு வரும்போது வெடி கொளுத்தினார்கள்.

அந்த ஒரு இரவுக்குப் பின்னால் இருப்பதை இப்போதுதான் விளங்கிக்கொண்டேன். அறுவடை முடிந்ததும் எந்தக் கூத்து என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சட்டங் கொடுப்பார்கள். பிறகு பழக்கம். கால் ஓரளவு வந்ததும் சதங்கை அணிதல். அதற்குப் பின் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று ஒத்திகைகள், கடைசியில்தான் அரங்கேற்றம். அதோடும் முடிவதில்லை, வீட்டுக்கு வீடு போய் ஆட வேண்டும். வயல்காரன், மீன்பிடிகாரன், கடைக்காரன், பள்ளிக்கூடப் பொடியன் எல்லாரும் இத்தனை மாதம் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். யாருக்குக் கால் வராது, யாருக்குக் குரல் வராது, யார் யாரோடு கோபம் என்று எல்லாம் அண்ணாவியாருக்குத் தெரியும். ஆட்டம் மட்டுமல்ல, ஊரே அவர் கையில் பழகுகிறது. கொழும்பில் எனக்குக் கிடைக்காதது இதுதான். ஒருத்தியாக உட்கார்ந்து நான் எதைப் படித்தாலும் பாதிதான்.

விடியப்புறம் மூன்று மணி இருக்கும். அபிமன்னன் சக்கர வியூகத்துக்குள் புகுந்துவிட்டான். ஆடிய பொடியனுக்குப் பதினெட்டு வயது இருக்கும், கரப்புடுப்பின் பாரத்தில் கால் இடறத் தொடங்கியது. களரி ஓரத்தில் கதிரையில் இருந்த எங்கள் அண்ணாவியார் எழுந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. மத்தளக்காரர் அவரைக் கண்டதும் பேசாமல் கழற்றி அவர் இடுப்பில் கட்டிவிட்டார். முதல் அடியிலேயே பொடியனின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி "இப்பதான்டி கூத்து" என்றார்.

கோச்சியில் வரும்போது அவர் முழங்கால் வீங்கியிருந்தது. நல்லெண்ணெய் தடவிவிட்டேன். ஹபரணை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "வெள்ளவத்தையில எங்கட ஊர்ப் பொடியன்மார் எத்தனை பேர் இருப்பாங்க?"

2024 ஜூன் 23, ஞாயிறு

ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவன் தொலைபேசிக் கடையில் வேலை, இருவர் பல்கலைக்கழகம், ஒருவன் சமையல்காரன், ஒருவன் இன்னும் பாடசாலை. கோயில் மடம் ஒன்றில் ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வட்டம் கீற இடமில்லை என்று தூணைச் சுற்றியே ஆடவைக்கிறார் அண்ணாவியார்.

இன்று சட்டங் கொடுத்தார். நான் பார்த்தெழுதிய கொப்பியிலிருந்து ஒவ்வொருவனின் பங்கையும் தனித்தாளில் எழுதி, வெற்றிலையில் வைத்து. சமையல்காரத் தம்பிக்கு அபிமன்னன். அவனுக்குக் கை நடுங்கியது.

எனக்குத் தாள் இல்லை. மத்தளத்தைக் காட்டினார்.

கட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். தம்பி முதல் அடி வைத்தான், நான் அவன் காலைப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் எட்டுப் போடும் இடத்தில் பிசகினேன். நன்றாகவே பிசகினேன், தம்பியும் தடுக்கி நின்றுவிட்டான். மடம் முழுக்க அமைதி. அண்ணாவியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சல்லரியை எடுத்து, பிசகிய தருவின் முதலடியிலிருந்து பாடத் தொடங்கினார்.