கல்லீரல் புற்றுநோயைப் போலத் தோன்றிய சினைப்பைக் கட்டி

அறுபது வயதைக் கடந்த என் அம்மாவின் இடது சினைப்பையிலிருந்து அகற்றப்பட்ட கட்டியின் பயாப்ஸி அறிக்கை, கல்லீரல் செல்களை ஒத்த புற்றுநோய் என்றும், அது கல்லீரலிலிருந்து பரவியதா என்று ஆராய வேண்டும் என்றும் கூறியது. வயிற்று வீக்கத்துக்காக முன்பு எடுத்த ஸ்கேனிலோ கல்லீரலில் குறை எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை. சினைப்பையிலேயே தோன்றியதென்றால் கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் மருந்துகளைத் தரலாம் என்றும், கல்லீரலிலிருந்து வந்ததென்றால் சிகிச்சையே வேறு என்றும் விளக்கிய புற்றுநோய் மருத்துவர், விடை தெரியாமல் கீமோதெரபியைத் தொடங்க மறுத்துவிட்டார். அந்தக் காத்திருப்பு கடினமாக இருந்தாலும், அவர் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அறுவைக்கு முன், சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய சிஏ-125 என்ற ரத்தக் குறியீட்டை மட்டுமே பார்த்திருந்தார்கள். ஏஎஃப்பி எனப்படும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற ரத்தப் புரதத்தைச் சினைப்பைக் கட்டிகளில் பெரும்பாலும் இளம் பெண்களுக்கே கேட்பது வழக்கம். அறிக்கை வந்த பிறகு எடுத்தபோது, சாதாரணமாக ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குள் இருக்க வேண்டிய அந்த அளவு பல நூறாக இருந்தது. ஆனால் கல்லீரல் புற்றுநோயிலும் அது உயரும், சினைப்பையில் வரும் யோக் சாக் கட்டியிலும் உயரும் என்பதால், சந்தேகம் வலுத்ததே தவிரத் தீரவில்லை.

அடுத்ததாக மூன்று கட்ட சிடி ஸ்கேன், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள், எண்டோஸ்கோபி ஆகியவற்றைச் செய்தார்கள். எண்டோஸ்கோபி எதற்கு என்று நான் கேட்டேன். கல்லீரலைப் போல் வேடமிடும் புற்றுநோய் மற்ற உறுப்புகளைவிட இரைப்பையில்தான் அதிகம் காணப்படுகிறது என்றார் மருத்துவர். கல்லீரலிலும் இரைப்பையிலும் எதுவும் இல்லை.

பிறகு மெழுகில் பதித்த திசுக்கட்டிகளையும் ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துப் பெற்று, பெண்ணுறுப்புப் புற்றுநோய்களில் அனுபவம் மிக்க வேறொரு நோய்க்கூறியல் மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஸ்லைடுகள் மட்டும் போதாது, கூடுதல் சாயப் பரிசோதனைகளுக்குத் திசுக்கட்டியே வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்திருந்தது நல்லதாயிற்று. கல்லீரல் செல்களை அடையாளம் காட்டும் ஹெப்பார்-1 சாயம் ஏற்றிருப்பதை வைத்துக் கல்லீரல் என்று முடிவு கட்ட முடியாது, அந்தச் செல்கள் கல்லீரல் செல்லின் குணத்தைப் பெற்றுவிட்டன என்றே அது காட்டுகிறது, எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாது என்று அவர் விளக்கினார். கட்டியின் வேறு பகுதிகளிலிருந்தும் திசு வெட்டிப் பார்க்கச் சொன்னார். அவற்றில் ஓரிடத்தில் சினைப்பைக்கே உரிய சீரஸ் வகைப் புற்றுநோய், கல்லீரல் போன்ற பகுதியோடு இடைவெளியின்றி இணைந்திருந்தது. அந்தச் சீரஸ் பகுதியில் சினைப்பைப் புற்றுநோயைச் சுட்டும் பாக்ஸ்8, சிகே7 சாயங்கள் இரண்டும் ஏற்றிருந்தன. யோக் சாக் கட்டி பெரும்பாலும் இளவயதினருக்கு வருவது என்பதோடு இந்தக் கலப்பும் சேர்ந்ததால் அதையும் விலக்கினார்.

இதற்கிடையே, கல்லீரலுக்கு எந்தச் சிகிச்சையும் தராத நிலையிலும், ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் ஏஎஃப்பி முன்னதைவிடப் பாதிக்கும் கீழாக இறங்கிவந்தது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 முதல் 7 நாட்கள் ஆகும் என்பதால், அதைச் சுரந்தது அகற்றப்பட்ட கட்டிதான் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இறுதி அறிக்கை, சினைப்பையின் ஹெப்படாய்டு கார்சினோமா, அதாவது கல்லீரல் செல்களை ஒத்த சினைப்பைப் புற்றுநோய் என்றது. 1987-இல் இஷிகுராவும் ஸ்கல்லியும் ஐந்து நோயாளிகளை வைத்து முதன்முதலாக விவரித்த நோய் அது. உலகெங்கும் மிகச் சிலருக்கே வந்திருப்பதால் இதற்கென்று தனிச் சிகிச்சை முறை வகுக்கப்படவில்லை என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். சினைப்பைப் புற்றுநோய்க்குரிய கீமோதெரபியையே தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சிஏ-125 உடன் ஏஎஃப்பியையும் பார்க்க ஏற்பாடு செய்தார்.